சராசரிக்கு விழுந்த அடி

தாடை உடைந்தவனிடம் பேச்சு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டு முடுக்கியிருந்தார்கள். எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால், வலது கையில் மூன்று விரல்களை யாரோ சுள்ளி ஒடிப்பது போல ஒடித்திருந்தார்கள். தோளில் ஓர் ஓட்டை. குத்தி, உள்ளே திருகி, வெளியே இழுத்த ஓட்டை. அதன்மேல் போட்ட கட்டு ரத்தம் ஊறிக் காய்ந்து அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது.

அரைக்காது ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். போலீசில் இருந்தபோது ஒரு ரவுடி கடித்துத் துப்பியதில் அவருக்கு இடது காது பாதிதான் மிச்சம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பிய பிறகும் யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவன் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. நாற்பது வயது, முன்மண்டையில் முடி கிடையாது. பொருளாதாரம் படித்தவன். படித்தவன் என்றால், புள்ளியியல் என்கிற ஒரு தாளைத் தவிர மற்றதெல்லாம் தேறியவன். அந்தத் தாளை அவன் எழுதி எழுதியே பேனாக்கள் தேய்ந்தன. ஆகையால் வீட்டிலும் வெளியிலும் அவனுக்குப் பெயர் அரியர்.

"தலையாட்டினா ஆமா. கண்ணை மூடினா இல்லை. மூடின கண்ணைத் திறக்கலைன்னா நாம கிளம்பிடலாம் மாமா," என்றான் அரியர்.

கம்பிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தானா, வலித்ததா, தெரியவில்லை.

கட்டிலில் கிடந்தவன் கணக்கெடுப்பாளன். வீடு வீடாகப் போய், இந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எதற்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிற உத்தியோகம். தோளில் ஒரு பை, கையில் ஒரு பேனா. அடிதடிக்குப் போகிறவன் கொண்டுபோகிற சாமானா இது? ஆனால் ஒரே வட்டாரத்தில் வரிசையாக இவர்களுக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. முதலாமவனைச் செங்கல்லால் மண்டையில் அடித்தார்கள். விழுந்த இடத்திலேயே செத்தான். இரண்டாமவனுக்கு முழங்கால் சில்லு தூள். மூன்றாமவன் இதோ கிடக்கிறான். பின்சந்துச் சனங்கள் முரட்டுச் சனங்கள், அவர்கள்தான் அடித்தார்கள் என்று போலீஸ் முடிவு கட்டி, அங்கே ஆறேழு பேரைப் பிடித்து உள்ளே வைத்து உரித்துக்கொண்டிருந்தது. போலீசுக்கு எப்போதும் பக்கத்தில் இருக்கிறவன்தான் குற்றவாளி. அரைக்காது அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு வந்தவர், அதனால் நம்பவில்லை.

பையைப் பிடுங்கினார்களா என்று கேட்டார். கண் மூடியது. கடிகாரம், பணம், எதையாவது? கண் மூடியது. ஆளைத் தெரியுமா? முகத்தில் துணி என்று இடது கையால் காட்டினான்.

"அடிக்கிறவன் வாயை மூடிக்கிட்டு அடிக்க மாட்டான்ப்பா. ஏதாவது சொல்லியிருப்பான். என்ன சொன்னான்?" அரைக்காது தன்னுடைய முழுக்காதை அவன் வாய்ப்பக்கம் திருப்பினார்.

கம்பிக்குள்ளிருந்து எச்சிலும் ரத்தமுமாக ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அடுத்த. வீட்டுக்கு. போ."

தெருவை விட்டு ஓடு என்றில்லையா, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றில்லையா என்று அவர் தோண்டித் துருவிக் கேட்டார். இல்லை. ஒவ்வொரு விரலாக ஒடித்துக்கொண்டே இதை மட்டும்தான் சொன்னார்களாம்.

இது அரைக்காதுக்கு உறுத்தியது. வெறுப்பில் அடிக்கிறவன் ஆளைத் துரத்துவான். இவன் ஆளுக்கு வழி காட்டியிருக்கிறான்.

வராந்தாவில் மேற்பார்வையாளர் காத்திருந்தார். ஐம்பது வயதுப் பெண். ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம் கையில், செருப்பு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடிபட்டவர்கள் எல்லாரும் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள். துப்பறிய வரச்சொன்னவரும் அவரே. அழவில்லை. அழுகிற ஆள் மாதிரியும் தெரியவில்லை. நடந்ததைச் சாமான் எடுத்து அடுக்குவது போல அடுக்கிச் சொன்னார்.

அந்த வட்டாரத்தில் இரண்டு பகுதிகள். முன்னால் பெரிய தெரு, எல்லாம் தளம் போட்ட வீடுகள். பின்னால் தகரம் போட்ட பின்சந்து. எல்லா வீட்டிலும் கேட்டு முடியாது என்பதால், முதலில் ஓர் ஆள் எல்லா வீட்டையும் சுற்றி, எத்தனை தலை, கூரை தகரமா தளமா என்று மட்டும் குறித்து வருவான். பிறகு அலுவலகத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டு விழுந்த வீட்டில்தான் உட்கார்ந்து விலாவாரியாகக் கேட்பது. அந்த வீட்டில் முடியாமல் போனால் அதற்கென்று ஒதுக்கி வைத்த மாற்று வீட்டுக்குப் போக வேண்டும். மாற்று வீடுகள் பெரும்பாலும் பெரிய தெருவில்தான் விழுந்திருந்தன. முதல் சுற்று முழுவதையும் தன் தம்பி ஒருவனே வெயிலில் அலைந்து முடித்தான் என்று சொன்னபோது மட்டும் அந்த அம்மாள் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

தம்பிக்கும் அடி விழுந்திருந்தது. மற்ற மூவரும் பின்சந்தில் வாங்கினார்கள். அவன் பெரிய தெருவில் ஒரு மாடிவீட்டுப் படிக்கட்டில் வாங்கினான். நல்லவேளை, இடது கையில் வெட்டுக்காயத்தோடு தப்பித்தான். இப்போது கையில் கட்டோடு வீட்டில் இருக்கிறான். இனி அனுப்ப மிச்சமிருப்பவன் அவன் ஒருவன்தான்.

"பின்சந்துல சீட்டு விழுந்த வீடு ஒண்ணுகூட முடியலைங்க. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள முடிக்கலைன்னா, மாற்று வீடுகளை வெச்சு அனுப்பிடுன்னு மேல இருந்து உத்தரவு. தம்பிதான் போகணும். அவனைத் தவிர எனக்குன்னு யாருமில்லை. அப்பா அம்மா போனப்ப அவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது," என்றார். "நீங்க ரெண்டு பேரும் அவன்கூட நடக்கணும். அவன் உசுரோட திரும்பி வரணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

நாங்கள் வந்து கூப்பிடும்வரை அவனை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள், அதற்கு முன்னால் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார் அரைக்காது. அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

தெருவில் இறங்கியதும் அரைக்காது மனதில் கிடந்ததைக் கொட்டினார். ஏழை என்ன தின்கிறான் என்று தெரிய எண் எதற்கு, ஏழையைப் பார்த்தால் போதாதா என்றார். எண்ணைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"எண்ணை எழுதுறவன் கையை எவன் பிடிச்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் நான் எண்ணைப் பார்ப்பேன்," என்றார்.

"இதைத்தான் எங்க வாத்தியார் ஒரு வருசம் பாடமா நடத்தினாரு மாமா. நீங்க நடந்துக்கிட்டே சொல்லிட்டீங்க," என்றான் அரியர். பிறகு அவனே தொடர்ந்தான். எண்ணவில்லை என்றால் பொருளாதாரம் என்பது டீக்கடைச் சண்டை. ஒருவன் ஏழை குறைந்துவிட்டான் என்பான். இன்னொருவன் கூடிவிட்டான் என்பான். எவனுக்குத் தொண்டை பெரிதோ அவன் ஜெயிப்பான். அந்தத் தொண்டையை அடைக்கத்தான் புள்ளிவிவரம். ஊர் முழுவதையும் எண்ண ஆள் இல்லாததால் சீட்டுக் குலுக்கிச் சில வீடுகள். அந்தச் சில வீடுகளை ஒழுங்காகப் பார்த்தால் ஊரே தெரியும். ஒழுங்கில்லாமல் பார்த்தால் ஊரையே ஏமாற்றலாம்.

"எப்படி?"

"இப்ப ஒருத்தன் வந்து எனக்கு ஆறு குத்து விடறான். உங்களைத் தொடவே இல்லை. சராசரி எடுத்தா ஆளுக்கு மூணு குத்து. ரெண்டு பேருக்கும் லேசான வீக்கம்னு எழுதிடலாம்."

"பல்லு போனவன்?"

"சராசரியில பல்லு போகாது மாமா. இன்னும் ஒண்ணு இருக்கு. நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன், கூப்பிட்டா வர முடியலை. எனக்கு மாற்றா பக்கத்து வீட்டுக்காரரைக் கேக்குறாங்க. அவருக்கும் குத்து விழலை. அப்போ சராசரி என்ன? இந்தத் தெருவுல அடிதடியே கிடையாது."

அரைக்காது நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வீட்டுக்குப் போ. அதாவது மாற்று வீட்டுக்குப் போ. பின்சந்து வீடுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போனால், அவற்றின் இடத்தில் பெரிய தெரு வீடுகள் வந்து உட்காரும். இந்த வட்டாரம் நன்றாகத் தின்று நன்றாக உடுத்துகிறது என்று எண் சொல்லும். ஆளை அடித்தது ஆளுக்காக இல்லை. சராசரியைத் தூக்குவதற்காக அடித்திருக்கிறார்கள்.

அப்படித் தூக்கினால் யாருக்கு லாபம் என்று கேட்டார். அதற்கு அரியர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வட்டாரத்தில் ஏழை இல்லை என்று ஆகிவிட்டால், அரசாங்கம் நடத்துகிற மலிவுவிலைத் தானியக் கடையை மூடுவார்கள். மூடினால் அத்தனை வீடும் தானியத்துக்கு ஒரே இடத்தில்தான் போய் நிற்க வேண்டும். மண்டி. தோளில் திருகி இழுத்த ஓட்டைக்கும் அங்கே விடை இருந்தது. மூட்டை இழுக்கிற கொக்கி வேறு எங்கே இருக்கும்?

மண்டிக்குள் தூசி வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. கூரை வரைக்கும் மூட்டைகள். மண்டிக்காரர் ஒல்லியான, மரியாதையான மனிதர். வாசலில் ஒருவருக்குச் சரக்குக் காட்டிக்கொண்டிருந்தார். குத்தூசியை மூட்டையின் மேல்முனையில் சொருகி இழுத்தார். கூர்மையான இரும்புக் குழாய் அது. குத்தினால் மூட்டையைப் பிரிக்காமலே ஒரு கை தானியம் வெளியே வரும். வந்தது. முத்து முத்தாக இருந்தது. வாங்க வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அரைக்காது குத்தூசியை மண்டிக்காரர் கையிலிருந்து வாங்கினார். கேட்டு வாங்கவில்லை. குனிந்து அதே மூட்டையின் அடிப்பக்கத்தில் குத்தி இழுத்தார். பதரும் கல்லும் பொலபொலவென்று கொட்டின.

"எங்கே குத்தணும்னு தெரிஞ்சவரு நீங்க," என்றார். "மூட்டையிலயும் சரி, தெருவுலயும் சரி."

வாங்க வந்தவர் இருந்த இடம் தெரியாமல் நழுவினார். மண்டிக்காரர் புன்னகை மாறாமல் உள்ளே பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கதவை ஒருவன் இழுத்து மூடினான். இன்னொருவன் தராசுக்குப் பக்கத்திலிருந்து இரும்புப் படிக்கல்லைக் கையில் எடுத்தான்.

அதன் பிறகு பேச்சு இல்லை. படிக்கல் அரைக்காதின் தலையைத் தேடி வந்து, தோளைப் பிடித்துக்கொண்டது. வலி விரல்நுனி வரைக்கும் ஓடியது. அவர் பின்வாங்காமல் முன்னால் விழுந்து, தன் மண்டையாலேயே அவன் மூக்கில் மோதினார். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. அவன் மண்டி போட்டதும் தாடைக்குக் கீழே முழங்காலால் ஒரு தள்ளு. மல்லாந்தவன் எழுந்திருக்கவில்லை. கதவை மூடியவன் இதற்குள் அரியரைச் சுவரோடு சேர்த்து வைத்துக் குத்திக்கொண்டிருந்தான். அரியர் கைக்கு அகப்பட்ட தவிட்டை அள்ளி அவன் கண்ணில் அப்பி, கண்ணைக் கசக்கியவனின் தலையைப் பிடித்துத் தராசுத் தட்டில் இரண்டு முறை எடை போட்டான்.

மண்டிக்காரர் பின்வாசலுக்கு ஓடினார். அரைக்காது கழுத்தைப் பிடித்து இழுத்து மூட்டைமேல் சாய்த்து, அவருடைய உள்ளங்கையை மூட்டையோடு சேர்த்துக் குத்தூசியால் தைத்தார். மரியாதையான மனிதர் மிருகம் மாதிரி கத்தினார். குழாய் வழியே ரத்தமும் தானியமும் கலந்து வழிந்தன.

"யாரு அடிச்சது?"

"கொக்கி. எங்க மூட்டைக்காரன்." மூச்சு இரைத்தது. "கூட இன்னொருத்தன்."

"இப்ப எங்கே?"

"சந்துக்குத்தான். கொஞ்சம் முன்னாலதான் கிளம்பினான்."

எந்த வீட்டுக்கு என்று கேட்டபோது தெரியாது என்றார். குத்தூசியை ஒரு திருப்புத் திருப்பினார் அரைக்காது. அப்போதும் தெரியாது என்றே அலறினார். வீடு காட்டுகிறவன் வேறு ஆள், அவன் கொக்கியிடம்தான் சொல்வான் என்றார். அந்த ஆள் யார் என்று கேட்டதற்கு, வலியிலும் பல்லைக் காட்டினார்.

"அவனைக் காட்டிக் குடுத்தா நாளைக்கு எனக்கு எவன் வீடு காட்டுவான்? கண்டுபிடிக்கிறதுதானே உங்க பொழைப்பு. கண்டுபிடிங்க."

அரியர் வழியும் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தரையில் குந்தினான். சிந்திக் கிடந்த தானியத்தில் நான்கு மணிகளைப் பொறுக்கினான். தூசியில் விரலால் ஒரு கோடு கிழித்தான்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் தகரம், அந்தப் பக்கம் தளம். செத்தவன், முழங்கால், தாடை. மூணும் இங்கே." மூன்று மணிகள் ஒரே பக்கம் கூட்டமாக உட்கார்ந்தன. நாலாவதைத் தூரத்தில் வைத்தான். "இது மாடிவீட்டுப் படிக்கட்டு. இது ஏன் மாமா தனியா நிக்குது?"

அரைக்காது பார்த்தார். மண்டிக்காரர் முனகலை நிறுத்திவிட்டு அவரும் பார்த்தார்.

"மாடிவீட்டுல கேட்டு எழுதினா சராசரி ஏறும்," என்றார் அரைக்காது மெல்ல. "இவனுக்கு அதுதானே வேணும்."

"அங்கே வந்த கணக்கெடுப்பாளனுக்கு இவன் நாற்காலி போட்டு டீ வாங்கிக் குடுத்திருப்பான். அடிச்சிருக்கவே மாட்டான்."

"அப்போ அடி வாங்கினேன்னு சொன்னவன்?"

"எல்லாருக்கும் விழுந்து தனக்கு மட்டும் விழலைன்னா சந்தேகம் வருமேன்னு, தானே ஒரு அடியை எழுதிக்கிட்டான். எழுதின இடம்தான் தப்பு. நடந்து பழகின தெருவை எழுதிட்டான்." அரியர் எழுந்தான். "எந்த வீட்டுல எத்தனை தலை, எது தகரம்னு சுத்தினவனும் அவன் ஒருத்தன்தான் மாமா."

மண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. கொக்கி எந்த வீட்டுக்குப் போனான் என்று தெரிந்தவனும் மேற்பார்வையாளரின் தம்பிதான், நேரே அவனைத் தேடிக் கிளம்பினார்கள். வழியில் அரியர் போலீசுக்குச் சொன்னான். மேற்பார்வையாளரின் போனுக்கும் அடித்துப் பார்த்தான். அணைத்து வைத்திருந்தது.

அக்காவும் தம்பியும் குடியிருந்தது ஒரு டயர்க் கடையின் மாடி. ஓர் அறை, ஓரத்தில் சமையல். தம்பி பாயில் படுத்திருந்தான். முப்பது வயதிருக்கும். காய்ச்சல் என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்திருந்தான். துப்பறிகிறவரைப் பார்த்ததும் எழுந்து, அக்கா சொன்னாங்க, வாங்க என்று பவ்யமாகக் கை கூப்பினான்.

அரைக்காது அந்தக் கையைப் பிடித்தார். கட்டின் முனையைப் பற்றி ஒரே இழுப்பு. துணி சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. அடியில் பிளேடால் கீறிய ஒரு கோடு இருந்தது. அதுவும் ஆறி, பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அறை விழுந்தது. சுவரில் மோதித் திரும்பி வந்தவனுக்கு மறுகன்னத்திலும் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

"மிரட்டுவாங்கன்னுதான் சொன்னாங்க. கொல்லுவாங்கன்னு சொல்லலை," என்று அழ ஆரம்பித்தான். மற்றதெல்லாம் அவனாகவே கொட்டினான். இத்தனை வருடமாகத் தற்காலிக வேலை. மண்டியில் பங்கு தருகிறேன் என்று ஆசை காட்டினார்கள். சீட்டு விழுந்த வீடுகளில் ரொம்பவும் இல்லாத வீடு எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் போதும் என்றார்கள். முதல் ஆள் செத்த பிறகு நிறுத்தப் பார்த்தான். நிறுத்தினால் அடுத்தது நீ என்று கொக்கி சொன்னான். இன்றைக்கும் சொல்லியாகிவிட்டது. தனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் அக்கா வேறு வட்டாரத்திலிருந்து யாரையாவது அனுப்புவார் என்று நினைத்தான்.

யாரோ ஒருவனுடைய மண்டை உடையட்டும் என்று படுத்திருக்கிறான். அரைக்காதுக்கு மூன்றாவது அறையும் கொடுக்கலாம் போலிருந்தது. கையை அடக்கிக்கொண்டு அக்கா எங்கே என்று கேட்டார்.

"ஆபீஸ்ல இருக்காங்க. நீங்க வரவரைக்கும் நான் படுத்திருக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

அரியர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு வெற்று ஆணி. ஆணியைச் சுற்றி, ஏதோ நாள்தோறும் தொங்கித் தேய்த்த கறை. "உன் பை எங்கே மாட்டுவே?" என்று கேட்டான்.

தம்பி ஆணியைப் பார்த்தான். பார்த்தவனின் முகத்தில் ரத்தமும் அறையின் சிவப்பும் அப்படியே வடிந்து, சாம்பல் பூத்தது. கணக்கெடுக்க ஒரு வீட்டுக்குள் போகிறவர்கள் போனை அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். பேச்சைப் பதிவு செய்கிறார்களோ என்று சனங்கள் பயப்படும். அக்காவே பையோடு போயிருக்கிறார் என்பது இவர்கள் இருவருக்கும் உறைக்கும் முன்னே அவன் செருப்புக்கூடப் போடாமல் படியில் பாய்ந்திருந்தான்.

பின்சந்துக்குள் இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாது. இரண்டு பக்கமும் தகரம், நடுவில் சாக்கடை. தம்பி முன்னால் ஓட, அரைக்காது ஒரு கை தொங்கத் தொங்கப் பின்னால் ஓடினார். வழியெல்லாம் கதவுகள் படபடவென்று மூடிக்கொண்டன. கடைசியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை ஒட்டிய வீட்டு வாசலில் பை தரையில் கிடந்தது.

மேற்பார்வையாளர் தகரச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நெற்றி பிளந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. ஒருவன் அவருடைய வலது கையை முறுக்கிப் பிடித்திருந்தான். முகத்தில் துணி கட்டிய இன்னொருவன் கொக்கியை ஓங்கியிருந்தான். அவர் கத்தவில்லை. வீட்டுக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு, நகர மாட்டேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொக்கி, வேணாம்டா. அது எங்க அக்காடா."

ஓங்கிய கை ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. தம்பி நடுவில் விழுந்தான். அவன் மேல்கையில் கொக்கி புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இழுத்தபோது சதையும் சேர்ந்து வந்தது. அடுத்த ஓங்கலுக்கு அரைக்காது நேரம் கொடுக்கவில்லை. தொட்டியருகே இருந்த அடிபம்பின் கைப்பிடியைப் பிடுங்கி மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிந்து கை தனியாகத் தொங்கியது. தலைமுடியைப் பிடித்துத் தகரத்தில் மோதினார், ஒரு முறை, இன்னொரு முறை, தகரம் குழிந்து முகத்தின் அச்சு விழும்வரை. மற்றவன் மேற்பார்வையாளரை விட்டுவிட்டு ஓடப் பார்த்தான். குறுகலான சந்தில் அரியர் குறுக்கே காலை நீட்டினான். அவன் சாக்கடையில் குப்புற விழுந்ததும் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சத்தம் அடங்கியது. தகரக் கூரையின் மேல் எங்கோ ஒரு பூனை ஓடியது.

தம்பி கையைப் பிடித்துக்கொண்டு தரையில் துடித்தான். மேற்பார்வையாளர் குனிந்து தன் சேலை முந்தியைக் கிழித்து, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினார். நல்ல கட்டு. முடிச்சுப் போட்டு முடித்த பிறகுதான் கேட்டார்.

"அவன் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அரைக்காது சாக்கடையைப் பார்த்தார். சொல்ல வேண்டியது அவருடைய வேலைதான். அந்த அம்மாள் மூன்று பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முதல் சுற்று, சீட்டு, மாடிவீடு, காய்ச்சல் எல்லாம் அவருக்குள்ளே தானாகக் கூடி நிற்பதை அரைக்காது கண்ணால் கண்டார். கூட்டல் முடிந்ததும் அந்த அம்மாள் தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"செத்தவன் வீட்டுக்கு முதல் ஆளாப் போய் அழுதது நீதான்டா," என்றார். குரல் உயரவே இல்லை.

"அக்கா."

அவர் திரும்பவில்லை. போலீஸ் வந்தால் இவனையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று அரைக்காதிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு முதலில் போகலாமே, நெற்றியில் தையல் போட வேண்டும் என்று அரியர் இழுத்தான். அவர் ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பையை எடுத்துத் தட்டினார். பேனாவைத் தேடிக் கண்டுபிடித்தார். கதவை இரண்டு விரலால் தட்டினார்.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். எழுத வந்தவன் ஒருத்தன் இதே வாசலில்தான் செத்தான், என் புருசனைப் போலீஸ் இழுத்துட்டுப் போய் இன்னும் விடலை, எழுதி என்ன கிழிக்கப் போறீங்க என்று கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அரைக்காதுகூட அந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து வைத்திருந்தார்.

மேற்பார்வையாளர் வாதாடவில்லை. வாசலில் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். முழங்காலில் தாளை வைத்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. அதைப் புறங்கையால் ஒதுக்கினார்.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேரும்மா?"

அந்தப் பெண் அவருடைய நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவை முழுசாகத் திறந்தாள்.

"ஆறு."

"நேத்து ராத்திரி எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். இருட்டில் அடுப்பு தெரிந்தது. அடுப்பில் ஒன்றும் இல்லை.

"சின்னதுங்க ரெண்டும்," என்றாள்.

பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.